90 விநாடிக் காத்திருப்பு

லினக்ஸ் ஓடும் லேப்டாப் மெதுவாகத் திறக்கிறது, திறக்கும்போதே திரை நிறையப் பிழை வரிகள் ஓடுகின்றன என்று யார் வந்து சொன்னாலும், "எந்த இடத்தில் நிற்கிறது?" என்றுதான் கேட்பேன். எத்தனை நிமிடம் ஆகிறது என்பது பிறகு. நின்ற இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. லிலோ காலத்தில் படித்த பாடம் இது.

1990களின் பிற்பாதியில் பெங்களூருக்கு வேலைக்கு வந்தேன். ஒரு லினக்ஸ் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்குவது அன்றைய தொலைபேசி இணைப்பில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பிசி குவெஸ்ட் இதழ் 1996இல் லினக்ஸ் குறுந்தகட்டை இதழோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் அதுல் சிட்னிஸ். இந்த ஊரில் வாழ்ந்து 2013இல் மறைந்தவர். என்னைப் போல எத்தனையோ பேருக்கு முதல் லினக்ஸ் அந்தக் குறுந்தகடுகளில்தான் வந்தது. அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

அப்போது லினக்ஸைத் தொடங்கிவைத்த நிரல் லிலோ. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டிய நிரலில் விரிவான பிழைச் செய்திக்கு ஏது இடம்? அவர் ஒரு வழி கண்டார். லிலோ என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் அச்சிட வைத்தார். முதல் எல் வந்தால் முதல் கட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. ஐ வந்தால் இரண்டாம் கட்டம் நினைவகத்தில் ஏறிவிட்டது. அடுத்த எல் வந்தால் அந்த இரண்டாம் கட்டம் ஓடுகிறது. கடைசி ஓவும் வந்தால் எல்லாம் சரி. திரையில் முதல் இரண்டு எழுத்தோடு நின்றால், இரண்டாம் கட்டம் ஏறியது, ஆனால் ஓடவில்லை என்று பொருள். பெரும்பாலும் யாரோ பூட் கோப்பை இடம் மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்டாமல் விட்டிருப்பார்கள். நான்கே எழுத்தில் இவ்வளவு சொல்ல முடிந்திருக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

2018 தொடக்கத்தில் அக்கா மகள் கிருஷ்ணகிரியிலிருந்து தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் அல்சூர் வீட்டுக்கு வந்தாள். பெங்களூரில் எம்.எஸ்சி. கணிதம் கடைசி ஆண்டு. விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழி. அந்த லேப்டாப் தமிழ்நாடு அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுத் தந்தார்கள். பாஸ் என்பது சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பெண்பிள்ளையின் பெயருக்கு வந்த கணினி அது. அக்கா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துக் கொடுத்திருந்தாள்.

கல்லூரியில் சீனியர்கள் பாஸை எடுத்துவிட்டு டெபியன் 9 போட்டுக் கொடுத்திருந்தார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் பெயர் கேட்கும் திரை வர மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆகிறது. இடையில் சிவப்பும் வெள்ளையுமாக ஏதேதோ வரிகள். அவள் ஆய்வேடு அதில்தான் இருந்தது. கடை ஒன்றில் காட்டியிருக்கிறாள். "ஓ.எஸ். போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஃபார்மேட் பண்ணா சரியாயிடுமா மாமா?"

"ஆனாலும் ஆகும் கண்ணு. ஆனா என்ன ஆச்சுன்னு அப்புறம் ரெண்டு பேருக்கும் தெரியாது. மொதல்ல படிச்சுப் பாப்போம்."

இந்த ஃபார்மேட் ஆலோசனை மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. திறந்த மூல இயங்குதளம் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் நேரம் போட்டு எழுதிவைக்கிறது. எதற்காகக் காத்தது, எது கிடைக்கவில்லை, எதை விட்டுவிட்டு மேலே போனது என்று அத்தனையும் அதில் இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமலே வட்டைத் துடைத்துவிடு என்பது, பணம் வாங்கிக்கொண்டு சொல்லப்படும்போது, எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. அதுவும் ஒரு மாணவியிடம்.

முதல் வேலையாக, லிலோவின் இடத்துக்கு வந்துவிட்ட க்ரப் நிரலின் பட்டியல் வந்ததும் ‘இ’ விசையை அழுத்தி, இயங்குதளத்தின் மையமான கர்னலைத் தொடங்கும் வரியிலிருந்த ‘கொயட்’ என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன். அது இருக்கும்வரை கர்னல் தன் செய்திகளில் பெரும்பாலானவற்றைத் திரைக்கு அனுப்பாது. எடுத்ததும் எல்லா வரிகளும் ஓடின. வரிகள் ஓடும் வேகத்தைப் பார்த்து அவள் பயந்துபோனாள். ஓடுகிற வரியை விடு, ஓட்டம் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார் என்றேன்.

இரண்டு இடத்தில் நின்றது. முதலாவது ஆரம்பத்திலேயே, அரை நிமிடம் போல. இரண்டாவது அதற்குப் பிறகு. சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக நகர, ஒரு சாதனத்துக்காகக் காத்திருக்கும் வேலை நடக்கிறது என்று ஒரு வரி. பக்கத்தில் விநாடிகள் ஏறிக்கொண்டே போய் ஒன்றரை நிமிடத்தைத் தொட்டன. பிறகு நேரம் முடிந்தது என்று ஒரு வரி, அதைச் சார்ந்தது தோற்றது என்று இன்னொரு வரி, உடனே மற்ற எல்லாம் கடகடவென்று தொடர்ந்தன.

உள்ளே போனதும் அவளே முனையத்தைத் திறந்து ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்று தட்டினாள். கர்னலுக்கு 38 விநாடி, அதற்குப் பிந்தைய பகுதிக்கு 2 நிமிடம் 14 விநாடி. கல்லூரியில் யாரோ சொல்லிக் கொடுத்திருந்த ‘பிளேம்’ கட்டளையையும் ஓட்டினாள். எந்தெந்தச் சேவை எத்தனை விநாடி எடுத்தது என்று நீளமான ஒரு பட்டியல் வந்தது. முதல் இடத்தில் மென்பொருள் புதுப்பிப்புச் சேவை, அடுத்து நெட்வொர்க் மேனேஜர், அப்புறம் இன்னும் சில.

"இதெல்லாம் நிறுத்திடலாமா மாமா?"

பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். பட்டியலில் மேலே இருப்பதையெல்லாம் நிறுத்திப் பார்க்கிறார்கள். அச்சுப்பொறி வேலை செய்யாது, ப்ளூடூத் போய்விடும், தாமதம் மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பட்டியல் சொல்வது, ஓடத் தொடங்கிய சேவைகள் தயாராக எடுத்துக்கொண்ட நேரத்தை. வரவே வராத ஒரு சாதனத்துக்காகக் காத்த நேரம் அதில் இடம்பெறாது. எங்கள் 90 விநாடி அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

அதனால், கணினி நேரம் போட்டு எழுதிவைக்கும் குறிப்பேடான ஜர்னலைத் திறந்தோம். ஒவ்வொரு வரியின் முன்னும் கர்னல் விழித்ததிலிருந்து கழிந்த விநாடிகள் வருமாறு அமைத்தோம். வரி என்ன சொல்கிறது என்று பார்க்காமல், எண்களை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரச் சொன்னேன். கணக்குப் படிக்கிற பிள்ளை, விரல் வைத்து இறங்கினாள். 5.1, 5.1, 5.2, உடனே 35.9. அங்கே ஒரு பள்ளம். இன்னும் கீழே 43, அடுத்த வரி 133. அங்கே இன்னொன்று. இந்த இரண்டு பள்ளங்களும் சேர்ந்து இரண்டு நிமிடம். இரண்டாவதன் கரையில் இருந்த வரியில் ஒரு நீண்ட எண் இருந்தது. 32 பதினறும இலக்கங்கள், நடுநடுவே சிறு கோடுகள்.

அது யூயூஐடி. வட்டின் ஒவ்வொரு பகுதியையும் ஃபார்மேட் செய்யும்போது அதற்கு இடப்படும் தனி அடையாளம். அந்த எண் எதனுடையது என்று, தொடக்கத்தில் இணைக்க வேண்டிய பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் தேடினோம். ஸ்வாப் பகுதியினுடையது. அதாவது நினைவகம் போதாதபோது வட்டில் தற்காலிகமாக எடுத்துவைக்க ஒதுக்கிய இடம். ஆனால் ‘பிளாக்ஐடி’ கட்டளை காட்டிய ஸ்வாப் பகுதியின் எண் முற்றிலும் வேறு.

"நடுவுல வேற ஏதாவது லினக்ஸ் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். முந்தைய பருவத்தில், புள்ளியியல் செய்முறைக்காக வேறொரு லினக்ஸைப் பக்கத்திலேயே நிறுவி, ஒரு மாதம் கழித்து அழித்திருக்கிறார்கள். நிறுவும்போது அது ஏற்கெனவே இருந்த ஸ்வாப் பகுதியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு மறுபடி ஃபார்மேட் செய்திருக்கிறது. எண் மாறிவிட்டது. டெபியனுக்கு அது தெரியாது. வீடு மாற்றிப் போனவரைத் தேடி, பழைய முகவரி வாசலில் நின்று தினமும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது அந்தக் கணினி.

"இல்லைன்னு தெரிஞ்சா உடனே விட்டுடலாமே, எதுக்கு ஒன்றரை நிமிஷம்?"

நல்ல கேள்வி. வட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலைகாட்டுவதில்லை. யூஎஸ்பி வழியாக வருவது தாமதமாக வரும். சில வட்டுகள் சுழன்று வேகம் பிடிக்க நேரம் ஆகும். வர வேண்டியவை எல்லாம் வந்துவிட்டன என்று எந்தக் கணத்திலும் கர்னலால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு கெடு வைக்கிறார்கள். சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் வழக்கமான கெடு 90 விநாடி. ஸ்வாப் தயாரான பிறகே அடிப்படை அமைப்பு முடிந்ததாகக் கணக்கு என்பதால், பின்னால் வர வேண்டிய எல்லாம் அந்தக் கெடு தீரும்வரை வரிசையில் நின்றன. முதல் பள்ளத்துக்கும் காரணம் அதே எண்தான். உறக்கத்திலிருந்து எழுவதற்கான தகவல் ஸ்வாப்பில் இருக்கலாம் என்று, ஆரம்பக் கட்டத்திலேயே, கர்னலோடு ஏறும் தற்காலிகக் கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் அந்தப் பகுதியை அரை நிமிடம் தேடிக் கைவிட்டிருக்கிறது.

இன்னொன்றும் விளங்கியது. பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தாலே கணினி உறைந்துபோகிறது, சில நேரம் பிரவுசர் தானாகவே மூடிக்கொள்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள். 2 ஜிபி நினைவகம் உள்ள இயந்திரம். ஸ்வாப் இத்தனை மாதமாகச் சேரவே இல்லை. நினைவகம் தீர்ந்ததும் கர்னல் வேறு வழியின்றி எதையாவது முடித்துவைத்திருக்கிறது. இரண்டும் ஒரே கோளாறு என்று தெரிந்த அந்த நேரத்தில் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஒரு தேற்றத்தின் நிரூபணம் கைகூடும்போதும் அவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எஃப்எஸ்டேப்பில் ஒரு எண், இனிட்ராம்எஃப்எஸ்ஸின் ரெஸ்யூம் கோப்பில் அதே எண். இரண்டையும் மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, மறுபடி இயக்கினோம். கர்னல் 8 விநாடி, மற்றது 45. திருத்தியவள் அவள்; நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் சிவப்பு வரிகள் அப்படியே இருந்தன. அவள் பயந்தது நேரத்தைவிட அவற்றைப் பார்த்துத்தான். ஏசிபிஐ பயாஸ் பிழை என்று சில வரிகள்: பயாஸ் எழுதித்தந்த அட்டவணையில் ஒரு பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் எங்கும் வரையறுக்கப்படவில்லை என்று கர்னல் முறையிடுகிறது. லட்சக்கணக்கான இயந்திரங்களில் இதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரு தீங்கும் இல்லை. நெட்வொர்க் சில்லுக்கான ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று இன்னொன்று. அதை டெபியனின் கட்டற்றதல்லாத தொகுப்பிலிருந்து நிறுவினால் போய்விடும், நிறுவினோம், போய்விட்டது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஆபத்தும் இல்லை, தாமதத்துக்குக் காரணமும் இல்லை.

ஒன்றைத் தவிர. ஏடிஏ என்று தொடங்கும் நாலைந்து வரிகள், வட்டிலிருந்து படிக்கும் கட்டளை தோற்றது, இந்த செக்டரைப் படிக்க முடியவில்லை என்பவை. இவை ஒவ்வொரு முறையும் வரவில்லை, வரும்போது சில விநாடி இழுத்தன. இதைப் பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். "மொதல்ல ஆய்வேட்டை வெளியே எடு." பென் டிரைவில் ஒரு நகல், என் கணினியில் ஒரு நகல் எடுத்த பிறகுதான் அடுத்த கட்டளையைத் தட்டவிட்டேன்.

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ அதைக் காட்டும். நீளமான அட்டவணையில் நான் பார்ப்பது சில வரிகளைத்தான். 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 199 ஏறியிருந்தால் கேபிளைச் சந்தேகிக்கலாம். இங்கே 199 சுத்தமாக இருந்தது. மற்ற இரண்டும் ஏறியிருந்தன. வருடக்கணக்காக ஓடிய வட்டு, அதுவும் பேருந்தில் மடியில் வைத்து ஓடியது. அதன் காலம் முடிகிறது. இதை எந்த ஃபார்மேட்டும் சரிசெய்திருக்காது.

சனிக்கிழமை எஸ்.பி. ரோடுக்குப் போனோம். பெயர்ப்பலகையில் சதர் பத்ரப்பா ரோடு என்று இருக்கும், அப்படிச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தோம். கணினிக்கு உண்டான எந்தப் பாகமும் அந்தத் தெருவிலும் அதன் சந்துகளிலும் கிடைக்கும். கன்னடத்தில் விலை கேட்டு, இந்தியில் பேரம் பேசி, தமிழில் முடிக்கலாம். பழைய மதர்போர்டுகளைக் கீழே துணி விரித்து வைத்திருப்பார்கள். ஒரு சின்ன எஸ்எஸ்டியும், பழைய வட்டைப் போட்டு யூஎஸ்பியில் இணைக்க ஒரு உறையும் வாங்கினாள். பணம் அவள் டியூஷன் எடுத்துச் சேர்த்தது, என்னைக் கொடுக்கவிடவில்லை.

ஏன் எஸ்எஸ்டி என்று வழியில் கணக்குப் போட்டாள். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் விநாடிக்கு 90; ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதோடு முள் இடம் மாற வேண்டிய நேரம். தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் அங்கங்கே சிதறிக் கிடப்பவற்றைப் படிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு படிப்புக்கு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

மெட்ரோவில் திரும்பும்போது அவளுக்குப் பழைய கதை சொன்னேன். 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்று தொடங்கி, 2005இல் ஃபாஸ் டாட் இன் என்று பெயர் மாற்றி, 2012 வரை இந்த ஊரில் நடந்த கூட்டங்களைப் பற்றி. அவள் ஓட்டிய கட்டளையைக் கொண்ட சிஸ்டம்டியை 2010இல் அறிவித்த லெனார்ட் போட்டரிங் அந்த மேடைகளில் பேசியவர். அதற்கு முன்னால் சேவைகள் பெரும்பாலும் எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும். 2008இல் இன்டெலில் இருந்த அர்யன் வான் டி வென்னும் ஆக்கே காக்கும் ஈ பிசி என்ற சின்ன லேப்டாப்பை 5 விநாடியில் திறந்து காட்டியபோது எங்கள் அலுவலகத்தில் அன்று முழுக்க அதே பேச்சு. இத்தனை விநாடிக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று முதலில் வரம்பு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் அதைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். டெபியன் 2015இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து சிஸ்டம்டிக்கு மாறியது. அதைப் பற்றிய சண்டை பெரிது. நான் சிஸ்டம்டி பக்கம்தான். இவ்வளவு துல்லியமாகத் தன் காத்திருப்பைக் கணக்குக் காட்டும் ஒன்று அதற்கு முன் சாதாரணப் பயனர் கையில் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து, லைவ் யூஎஸ்பியில் இயக்கி, பழைய வட்டிலிருந்து ‘ஆர்சிங்க்’ வழியாக அத்தனையையும் புதியதற்கு நகலெடுத்தோம். சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்று சொன்னது. பெயர்களைப் பார்த்தோம், எல்லாம் டெபியன் தொகுப்புகளுக்குச் சொந்தமானவை, மறுபடி நிறுவினால் கிடைப்பவை. ஆய்வேட்டில் ஒரு எழுத்துக்கும் பழுதில்லை. புதிய வட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் புது எண். இந்தத் தடவை எஃப்எஸ்டேப்பை நான் சொல்லாமலே திறந்து, ‘பிளாக்ஐடி’யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு எழுதினாள். ரெஸ்யூம் கோப்பையும் மறக்கவில்லை. க்ரப்பை நிறுவி இயக்கினால் கர்னல் 4 விநாடி, மற்றது 9.

எனக்கு அது போதும் என்று பட்டது. அவளுக்குப் போதவில்லை. அந்த 9இல் 6 விநாடி, நெட்வொர்க் முழுதாக வரும்வரை காத்திருக்கும் சேவையில் போகிறது என்று கண்டுபிடித்தாள். தொடக்கத்திலேயே நெட்வொர்க் வழியே கோப்பகங்களை இணைக்கும் அலுவலகக் கணினிகளுக்கு அது வேண்டும். "யாரு அதுக்காகக் காத்திருக்காங்கன்னு பாத்துட்டு நிறுத்து" என்றேன். சார்ந்திருப்பவற்றைத் தலைகீழாகக் காட்டும் கட்டளையை ஓட்டி, அவள் கணினியில் அதைத் தேடுவார் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நிறுத்தினாள்.

அந்த ஏசிபிஐ வரிகளையும் அவள் விடவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு ஒருநாள் போன் செய்தாள். பயாஸ் அட்டவணையை வெளியே எடுத்து, ‘ஐஏஎஸ்எல்’ கொண்டு படிக்கும்படியான நிரலாக்கி, கர்னல் காணோம் என்று சொல்கிற பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறாள். ஓரிடத்தில் அழைக்கப்படுகிறது, எங்கும் வரையறை இல்லை.

"கர்னல் சொன்னது நெசம்தான் மாமா. அந்தப் பேரு அதுல இல்லவே இல்ல."

அதைத் திருத்த பயாஸ் புதுப்பிப்பு வர வேண்டும். இத்தனை பழைய மாடலுக்கு இனி வராது. அதைச் சொன்னேன். சரி, நாமே அட்டவணையைத் திருத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைத்தால் கர்னல் அதை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளும், கர்னலில் அதற்கு வழி இருக்கிறது என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.